தடை முடிஞ்சு வர்ற ஆட்டக்காரரை ஊர் டீம்ல திரும்ப சேர்க்கலாமா? எந்த நிபந்தனையோட?

கோத்தகிரி_பூட்ரூம்:
லீக் தொடங்குறதுக்கு முன்னாடியே பேசித் தீர்க்க வேண்டிய விஷயம், அதனால இங்க வைக்கிறேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டி (படுகர் ஊர்) கால்பந்து டீம். அவங்க சென்டர் ஃபார்வர்டு போன சீசன்ல ரெஃப்ரியை நெஞ்சுல கைவச்சுத் தள்ளி ரெட் கார்டு வாங்கினார். ஒரு சீசன் தடை, இப்ப முடியுது. அவருக்குக் குடிப் பிரச்சனை இருக்குன்னு ஊருக்கே தெரியும். ஊர்க்கூட்டத்துல பாதிப் பேர் "நம்ம பையன், நாமளே கைவிட்டா யார் எடுப்பா"ங்கிறாங்க. மீதிப் பேர் "அவன் ஜெர்சி போட்டா நாங்க கிரவுண்டுக்கு வரமாட்டோம்"ங்கிறாங்க. ஆள் யாரு, எந்த ஊருன்னு தயவுசெஞ்சு யாரும் எழுத வேண்டாம். எனக்கு வேண்டியது நடைமுறை. சேர்த்தா எப்படிச் சேர்க்கணும், எங்க சறுக்கும்?

வெலிங்டன்_லெஃப்ட்பேக்:
முதல்ல ஒரு கேள்விக்கு டீம் கமிட்டி மனசறிஞ்சு பதில் சொல்லட்டும். இதையே ரிசர்வ் ரைட் பேக் செஞ்சிருந்தா இந்த ஊர்க்கூட்டம் நடந்திருக்குமா?

பெரிய கிளப்புகளும் இப்படித்தான். உருகுவே ஃபார்வர்டு சுவாரஸ் 2010 நவம்பர்ல அயாக்ஸுக்கு ஆடும்போது பக்காலைக் கடிச்சார், 7 மேட்ச். 2013 ஏப்ரல்ல லிவர்பூல் ஜெர்சியில இவானோவிச்சைக் கடிச்சார், 10 மேட்ச். 2014 உலகக் கோப்பையில கியெல்லினியைக் கடிச்சு, உருகுவேக்கு 9 மேட்ச், எல்லாக் கால்பந்துலயும் 4 மாசம். அந்தத் தடை ஓடிக்கிட்டு இருக்கும்போதே பார்சிலோனா வாங்கிட்டாங்க. செல்சீ கிளப், 2004ல அவங்க ஃபார்வர்டு அட்ரியன் முட்டு கொக்கைன் பரிசோதனையில மாட்டினதும் அவரை வேலையை விட்டே எடுத்தாங்க, நஷ்ட ஈடு கேட்டு 1.7 கோடி யூரோவுக்கு மேல தீர்ப்பும் வாங்கினாங்க. யாருக்கு உதவி அதிகம் தேவைன்னு பார்த்து அங்க முடிவு எடுத்ததா எனக்குத் தெரியல. கோல் கணக்குதான் பேசுது. ஊர் டீமும் அதையே செய்யப் போகுதுன்னா அதுக்கு "விசுவாசம்"னு பேர் வைக்காதீங்க.

லைன்ஸ்மேன்_குன்னூர்:
லெஃப்ட்பேக் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் வருவதற்குள் காகித வேலையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலான டீம்கள் தடுமாறுவது அங்கேதான்.

தடை முடிகிறது என்று வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். சங்கம் கொடுத்த உத்தரவுக் கடிதத்தை எடுத்து வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். தடை மேட்ச் எண்ணிக்கையிலா, தேதியிலா? மேட்ச் எண்ணிக்கை என்றால், மழையால் ரத்தான ஆட்டம் கணக்கில் சேராது என்று வைத்துக்கொண்டு எழுத்தில் கேளுங்கள். தேதி என்றால் கடைசி நாள் அடங்குமா? பெஞ்சில் உட்காரலாமா, டிரெஸ்ஸிங் ரூமுக்குள் வரலாமா? அபராதம் கட்டிய ரசீது இருக்கிறதா? இதில் ஒன்று தவறினாலும் எதிரணி புகார் கொடுத்து, ஜெயித்த மேட்ச் கையைவிட்டுப் போகும்.

பயிற்சி தனி விஷயம். 1995 ஜனவரி 25 அன்று செல்ஹர்ஸ்ட் பார்க்கில் பார்வையாளரை உதைத்த மான்செஸ்டர் யுனைடெட் வீரர் கான்டோனாவுக்கு செப்டம்பர் 30 வரை தடை. இடையில் ராச்டேல் அணியோடு மூடிய கதவுக்குள் நடந்த பயிற்சி ஆட்டத்தில் அவரை ஆடவிட்டதற்கே எஃப்ஏ (இங்கிலாந்து கால்பந்து சங்கம்) விசாரணை தொடங்கியது. அவர் வெறுத்துப்போய்க் கிளப்பை விட்டுப் போகிறேன் என்றார், கோச் ஃபெர்குசன் பாரிசுக்கே போய்ப் பேச வேண்டியதாயிற்று. பந்தயம் கட்டியதற்காக இங்கிலாந்து ஃபார்வர்டு ஐவன் டோனிக்கு 2023 மே மாதம் 8 மாதத் தடை கொடுத்தபோது, செப்டம்பர் 17 முதல் கிளப்போடு பயிற்சி செய்யலாம் என்று உத்தரவிலேயே தேதி போட்டிருந்தார்கள். ஊக்கமருந்துத் தடை என்றால் கடைசி 2 மாதம் அல்லது தடைக் காலத்தின் கடைசிக் கால்பங்கு, இரண்டில் எது குறைவோ அப்போதுதான் அணியோடு பயிற்சி. ஆக, கடிதத்தில் எழுதாததை நாமாக ஊகிக்கக் கூடாது.

ரெஃப்ரியைத் தாக்குவதைச் சின்ன விஷயமாகப் பேசுபவர்களுக்கு: ஃபிஃபா ஒழுங்கு விதியில் மேட்ச் அதிகாரியை அடிப்பது, உதைப்பது, துப்புவது போன்றவற்றுக்குக் குறைந்தபட்சமே 15 மேட்ச், அல்லது அதற்குத் தகுந்த காலம்.

கோத்தகிரி_பூட்ரூம்:
நன்றி அண்ணா. மன்னிப்பு? பெரியவங்க நாலு பேரோட ரெஃப்ரி வீட்டுக்குப் போயிட்டு வரலாம்ங்கிறாங்க.

லைன்ஸ்மேன்_குன்னூர்:
போகவே கூடாது. நம் மலையில் எல்லோரும் ஏதோ ஒரு வழியில் சொந்தம். தட்டில் பழமும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு ராத்திரி ஏழு மணிக்குப் பத்துப் பேர் வாசலில் நின்றால், அந்த மனிதர் "பரவாயில்லை" என்று சொல்வதைத் தவிர வேறு என்ன செய்வார்? அடி வாங்கியவர் தலையில் இன்னொரு சுமை அது.

ஆட்டக்காரர் தன் கைப்பட ஒரு பக்கக் கடிதம் எழுதட்டும். என்ன செய்தேன் என்று நேரடியாக எழுத வேண்டும்: "கையை நெஞ்சில் வைத்துத் தள்ளினேன்." "அந்தச் சம்பவம்", "சூழ்நிலை காரணமாக" எதுவும் வேண்டாம். சங்கத்தின் மூலம் அனுப்புங்கள், பதில் எதிர்பார்க்க வேண்டாம். கூடவே, அவர் ஆடும் முதல் சில மேட்சுகளுக்கு அதே ரெஃப்ரியைப் போட வேண்டாம் என்று டீம் செயலாளர் தனியாக ஒரு விண்ணப்பம் கொடுக்கட்டும். அது ரெஃப்ரியின் நன்மைக்காக என்பதையும் அதில் எழுதுங்கள், அவர் மேல் குறை சொல்வதாகப் படக் கூடாது.

கூடலூர்_செவன்ஸ்:
தடை நேரத்துல நம்ம பக்கம் நடக்கிற பெரிய தப்பு ஒண்ணு இருக்கு. 11 பேர் லீக்ல தடை வாங்கினவன், வயநாடு மலப்புறம் பக்கம் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) டோர்னமென்ட்டுக்குப் போயிடுவான். செவன்ஸ் தனி அமைப்பு, தனி விதி, இந்தத் தடை அங்க பேசாது. ராத்திரி ஃப்ளட்லைட், மேட்சுக்கு மேட்ச் கையில ரொக்கம். குடிப் பிரச்சனை இருக்கிறவனுக்கு இதைவிட மோசமான இடம் கிடையாது. தோத்தாலும் ஜெயிச்சாலும் பதினோரு மணிக்கு மேல பணத்தோட ரோட்ல நிக்கிறான். தடைக் காலத்தை அவன் எப்படிக் கழிச்சான்னு முதல்ல விசாரிங்க. ஊர்லயே இருந்து பசங்களுக்குப் பந்து பொறுக்கிப் போட்டிருந்தா அது ஒரு பதில். பேரை மாத்தி வேற ஊர்ல ஆடியிருந்தா அதுவும் ஒரு பதில்தான்.

விசுவாசம் பத்தி ஒண்ணு. எங்க பக்கம் பாதி வீட்ல கேரளா பிளாஸ்டர்ஸ் மஞ்சள். 2023 மார்ச் 3 பெங்களூரு பிளேஆஃப்ல சேத்ரியோட சர்ச்சையான ஃபிரீ கிக் கோலுக்கு அப்புறம் டீமை வெளியே கூட்டிட்டுப் போனாரே கோச் இவான், கிளப்புக்கு 4 கோடி அபராதம், அவருக்கு 10 மேட்ச் தடை, 5 லட்சம். ரசிகர்கள் ஒரு நாளும் அவரை விடல. அக்டோபர் 27 கொச்சியில ஒடிசாவுக்கு எதிரா திரும்ப வந்தப்ப ஸ்டேடியமே எழுந்து நின்னுச்சு, 2-1 ஜெயிச்சாங்க. ஆனா கிளப்பும் கோச்சும் நடந்ததுக்கு வெளிப்படையா வருத்தம் சொல்லித்தான் அந்த நாள் வந்துச்சு. கைதட்டல் அதுக்குப் பிறகுதான்.

ஊட்டி_பிசியோ:
கைதட்டல்னு சொன்னீங்க. ஆர்சனல் கேப்டனா இருந்த டோனி ஆடம்ஸ் கதையை ரசிகர்கள் எல்லாருமே தெரிஞ்சுக்கணும்.

குடிச்சுட்டுக் கார் ஓட்டினதுக்கு 1990 டிசம்பர்ல 4 மாசச் சிறை, 57 நாள் உள்ள இருந்தார். வெளியே வந்ததும் ஆர்சனல் கேப்டன் பட்டையைத் திரும்பக் கொடுத்தது, அந்த சீசன் லீக்கையும் ஜெயிச்சாங்க. கூட்டம் அவரைத் தலையில தூக்கி வச்சுக் கொண்டாடுச்சு. குடியைப் பத்தி யாரும் கேட்கல. அவர் குடியை நிறுத்தினது 1996 ஆகஸ்ட்ல. நடுவுல அஞ்சரை வருஷம். அந்த அஞ்சரை வருஷமும் ரசிகர்கள் விசுவாசமாத்தான் இருந்தாங்க! 1996 செப்டம்பர்ல "நான் குடிநோயாளி"ன்னு அவரே வெளிப்படையாச் சொன்ன பிறகுதான் எல்லாம் மாறுச்சு. 1998லயும் 2002லயும் லீக், எஃப்ஏ கோப்பை ரெண்டையும் கேப்டனாத் தூக்கினார். 2000ல ஸ்போர்ட்டிங் சான்ஸ்னு விளையாட்டுக்காரங்களுக்கான சிகிச்சை அமைப்பையும் தொடங்கினார்.

இப்ப உங்க ஆளுக்கு வர்றேன். கமிட்டி சாதாரணமா ஒரு நிபந்தனை போடும்: "இன்னையிலிருந்து ஒரு சொட்டுத் தொடக்கூடாது, சனிக்கிழமை வந்து ஆடு." தினமும் அதிகமாக் குடிக்கிறவருக்கு இது உயிராபத்து. கடைசியாக் குடிச்சு 6 முதல் 12 மணி நேரத்துல கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. 12 முதல் 48 மணி நேரத்துக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டு நாளுக்கு மேல, நாலு நாள் வரைக்கும், புத்தி பேதலிச்சு இல்லாதது கண்ணுல தெரியுற நிலை வரலாம். வியாழன் ராத்திரி நிறுத்தினவருக்கு சனிக்கிழமை மூணு மணி கிக்ஆஃப் சரியா வலிப்பு நேரத்துல விழுது. அதனால முதல் படி கிரவுண்டு இல்ல, மருத்துவர். அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல மருந்து கொடுத்துப் படிப்படியா நிறுத்துவாங்க. தயமின் (வைட்டமின் பி1) ஊசியோ மாத்திரையோ சேர்த்துக் கொடுப்பாங்க. எங்க போறதுன்னு தெரியலைன்னா போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவிக்கு டெலிமானஸ் 14416, தமிழ்லயே பேசலாம்.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம். வீட்ல சொல்லாம சாப்பாட்டுல "குடி நிறுத்துற மாத்திரை" கலந்து கொடுக்கிற பழக்கம் நம்ம ஊர்ல இருக்கு. அது பெரும்பாலும் டைசல்ஃபிராம். அதைச் சாப்பிட்டவர் தெரியாம குடிச்சா முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிஞ்சு ஆளே போயிடலாம். மாத்திரை நிறுத்தின பிறகும் 14 நாள் வரைக்கும் அந்த ஆபத்து இருக்கும். ஆல்கஹால் கலந்த இருமல் டானிக்கே போதும். அவருக்குத் தெரிஞ்சு, அவர் சம்மதத்தோட, மருத்துவர் கொடுத்தா மட்டும்தான்.

வெலிங்டன்_லெஃப்ட்பேக்:
அக்கா, இதை நான் யோசிக்கவே இல்ல. "நிறுத்திட்டு வா"ன்னுதான் நானும் எழுத இருந்தேன். சரி, சிகிச்சைக்குப் போறார்னு வைங்க. எப்ப ஆட விடலாம்?

ஊட்டி_பிசியோ:
ஒரு சீசன் மேட்ச் ஆடாத உடம்புக்குக் குறைஞ்சது ஆறு வாரம். ரோட்ல தினமும் ஓடினேன்னு சொல்வார், அது மூச்சுக்கு மட்டும் உதவும். தொடைப் பின்தசை கிழியுறது முழு வேகத்துல காலை முன்னால நீட்டித் தரையில வைக்கப் போற நொடியிலதான், மெதுவா ஓடுறதுல அந்தத் தசைக்கு அந்த வேலையே கிடையாது.

முதல் ரெண்டு வாரம் முக்கால் வேகத்தைத் தாண்டாத ஓட்டம், பந்தோட. கூடவே ஃபிஃபா 11 பிளஸ் வார்ம்அப் முழுசா: 8 நிமிஷம் ஓட்டம், 10 நிமிஷம் வலுப்பயிற்சி, கடைசி 2 நிமிஷம் வேக ஓட்டம். அதுல நார்டிக் ஹாம்ஸ்ட்ரிங் பயிற்சி இருக்கு, முட்டி போட்டு, கணுக்காலை ஒருத்தர் பிடிக்க, முதுகு வளையாம முன்னால மெதுவாச் சாயணும். ஆரம்பத்துல 3 முதல் 5 தடவை போதும். முதல் நாளே 15 செஞ்சா அடுத்த மூணு நாள் படி இறங்க முடியாது. மூணாவது நாலாவது வாரம் 20-30 மீட்டர் முழு வேகம், ஆறு தடவையில தொடங்கிப் பத்து வரைக்கும், நடுவுல நல்லா ஓய்வு. அஞ்சாவது வாரம் பயிற்சி ஆட்டம் அரை மணி நேரம். லீக்ல முதல் மேட்ச் கடைசி 20 நிமிஷம், அப்புறம் 30, 45, 60. டிசம்பர் ஜனவரி உறைபனிக் காலைன்னா வார்ம்அப் இன்னும் பத்து நிமிஷம் கூட்டுங்க.

அவர் வேலைக்காகக் கோயம்புத்தூர் திருப்பூர்ல இருந்துட்டு சனிக்கிழமை மேல வர்றவரா இருந்தா இன்னும் கவனம். கோவை 411 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். வந்த அன்னைக்கே மூச்சு முன்ன மாதிரி நிக்காது. 60-வது நிமிஷத்துல மூச்சு இரைக்கும், கோபம் வரும், கார்டு வரும். பழைய குணம்னு எல்லாரும் சொல்வாங்க, பாதி காரணம் நுரையீரல்.

கோல் வரலைன்னு நாலாவது மேட்ச்லயே திட்டாதீங்க. இத்தாலி ஃபார்வர்டு பாவ்லோ ரோஸி 1980 சூதாட்ட வழக்குல ரெண்டு வருஷத் தடை, கடைசி வரைக்கும் குற்றத்தை மறுத்தார். 1982 ஏப்ரல்ல தடை முடிஞ்சு யுவென்டஸுக்கு மூணே லீக் மேட்ச் ஆடிட்டு உலகக் கோப்பைக்குப் போனார். முதல் நாலு மேட்ச் ஒரு கோல் கூட இல்ல. இத்தாலிப் பத்திரிகைகள் கிழிச்சுத் தொங்கவிட்டன, கோச் பெயர்ஸோட் மாத்தல. அஞ்சாவது மேட்ச்ல பிரேசிலுக்கு மூணு, அரையிறுதியில போலந்துக்கு ரெண்டு, இறுதியில மேற்கு ஜெர்மனிக்கு முதல் கோல்.

மஞ்சூர்_கேலரி:
எல்லாரும் ஆட்டக்காரரைப் பத்தியே பேசுறோம். கேலரியில நிக்கிற பொண்ணுங்க சார்பா ஒண்ணு சொல்றேன். எல்லாத் தப்பும் ஒரே தட்டு இல்ல. குடி, சூதாட்டம் தன்னைத்தானே கெடுத்துக்கிறது, அங்க சிகிச்சையும் இடமும் கொடுக்கலாம். ரெஃப்ரியைத் தள்ளினது அடுத்தவருக்குச் செஞ்சது, அங்க தண்டனையும் மன்னிப்பும் முதல்ல. பொண்ணுங்க மேல வன்முறைன்னா அது டீம் கமிட்டி மன்னிக்கிற விஷயமே இல்ல.

ஸ்காட்லாந்துல ரெய்த் ரோவர்ஸ் 2022 ஜனவரி கடைசியில, சிவில் கோர்ட் பாலியல் வன்கொடுமை செஞ்சவர்னு 2017ல தீர்ப்பு சொன்ன ஒரு ஃபார்வர்டை எடுத்தாங்க. ஆட்டத் திறமைதான் முக்கியம்னு விளக்கமும் சொன்னாங்க. பெண்கள் அணி கேப்டன் விலகினார். பல வருஷமா ஸ்பான்சரா இருந்த எழுத்தாளர் வால் மெக்டெர்மிட் பணத்தை நிறுத்தினார். சில நாள்ல கிளப், அவர் ஆடமாட்டார்னு அறிவிச்சு மன்னிப்புக் கேட்டுச்சு. அந்தக் கிளப்பை விட்டுப் போனவங்கதான் என் கணக்குல விசுவாசமான ரசிகர்கள்.

லிவர்பூலையும் சொல்லணும். மான்செஸ்டர் யுனைடெட்டோட எவ்ராவை இனவெறியோட திட்டினதுக்கு சுவாரஸுக்கு 8 மேட்ச் தடை அறிவிச்ச மறுநாள், 2011 டிசம்பர்ல, டீமே அவர் படம் போட்ட டிஷர்ட்ல வார்ம்அப் வந்துச்சு. பாதிக்கப்பட்டவர் அந்தப் பக்கம் ஒருத்தர் இருக்கார்ங்கிற நினைப்பே இல்ல. அந்த டீம்ல இருந்த காரகர் 2019ல டிவியில எவ்ராகிட்ட நேருக்கு நேர் மன்னிப்புக் கேட்டார், எட்டு வருஷம் கழிச்சு. "நம்ம பையன்"னு பேனர் அடிக்க யோசிக்கிறவங்க இதை நினைச்சுக்கணும்.

கோத்தகிரி_பூட்ரூம்:
பேனர் கண்டிப்பா கிடையாது. எல்லாத்தையும் சேர்த்து ஒப்பந்தத் தாள் ஒண்ணு எழுதிப் பார்த்தேன், குறை சொல்லுங்க.

ஒரு பக்கம், தமிழ்ல, அவர் படிச்சுப் பார்த்துக் கையெழுத்து. மன்னிப்புக் கடிதம் போன பிறகுதான் பதிவு. சிகிச்சைக்குத் தொடர்ந்து போகணும், போனாரான்னு மட்டும் சொன்னா போதும், உள்ள என்ன பேசினார்னு கமிட்டி கேட்காது. ஒரு சீசன் கேப்டன் பட்டை கிடையாது. ரெஃப்ரிகிட்ட கேப்டன் மட்டும்தான் பேசுவார், இவர் பத்தடி தள்ளி நிக்கணும். கண்காணிக்க ரெண்டு பேர், அவருக்கு நெருங்கின சொந்தம் இல்லாதவங்க. குடிச்சுட்டு வந்தா அன்னைக்கு மேட்ச் இல்லை, டீமை விட்டு நீக்கமும் இல்லை, மறுபடி மருத்துவர். யாரையாவது கைவச்சா ஒப்பந்தம் முடிஞ்சது.

லைன்ஸ்மேன்_குன்னூர்:
நன்றாக இருக்கிறது. மூன்று விஷயம் சேருங்கள். முடிவுத் தேதி போடுங்கள். தேதி இல்லாத நிபந்தனை ஆயுள் தண்டனை, யாரும் கடைப்பிடிக்க மாட்டார்கள். இந்த ஒப்பந்தம் டீமில் எல்லோருக்கும் பொருந்தும் என்று ஒரு வரி சேர்த்தால் லெஃப்ட்பேக் தம்பியின் முதல் கேள்விக்கும் பதில் கிடைக்கும், ரிசர்வ் ரைட் பேக்குக்கும் இதே தாள்தான். மூன்றாவது, பசங்களுக்குப் பயிற்சி. கான்டோனாவுக்கு இரண்டு வாரச் சிறைத் தண்டனை, மேல்முறையீட்டில் 120 மணி நேரச் சமூகப் பணியாக மாறியது, அதை அவர் சிறுவர்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தே முடித்தார். பந்தயம் கட்டிய நியூகாசில் வீரர் டோனாலிக்கு இத்தாலியில் 18 மாதத் தடை என்று முடிவாகி, அதில் 8 மாதத்துக்குப் பதிலாகச் சிகிச்சையும் 16 இடங்களில் இளைஞர்களிடம் பேசுவதும் என்று வைத்தார்கள். 2024 ஆகஸ்டில் திரும்பி வந்தவர், 2025 மார்ச் 16 அன்று வெம்ப்ளியில் நியூகாசில் லீக் கோப்பையைத் தூக்கியபோது களத்தில் இருந்தார். உங்கள் ஆளுக்கு மணிக் கணக்கில் எழுதுங்கள், வாரம் 2 மணி நேரம் என்று. ஆனால் குடி நின்று, மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான் சிறுவர்கள் பக்கம் விட வேண்டும், கூட இன்னொரு பெரியவர் எப்போதும் இருக்க வேண்டும்.

கூடலூர்_செவன்ஸ்:
பணம் பத்தி எழுதலையே. மேட்ச் பணமோ பயணப்படியோ கையில ரொக்கமாக் கொடுக்காதீங்க. அவர் சம்மதிச்சா வீட்ல ஒருத்தர் கணக்குக்கு, அதுவும் திங்கக்கிழமை. சூதாட்டமும் இருக்கான்னு மெதுவாக் கேளுங்க, குடியும் அதுவும் சேர்ந்தே வரும். பணம் வச்சு ஆடுற ஆன்லைன் ஆட்டத்தை 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் தடை பண்ணினாலும் வெளிநாட்டு ஆப்பும் ஆள் வச்சு எடுக்கிற பெட்டும் போகல. மேல சொன்ன ஐவன் டோனி 232 பந்தய விதிமீறலை ஒத்துக்கிட்டவர். அவருக்குச் சூதாட்ட நோய்னு மருத்துவர் சொன்னதைக் கணக்குல எடுத்துத்தான் தடை 11 மாசத்துல இருந்து 8 ஆச்சு. மறைச்சிருந்தா அந்த மூணு மாசம் கிடைச்சிருக்காது.

மேட்ச் முடிஞ்ச உடனே ஜீப் கிளம்பணும். பரிசுப் பணத்தை அங்கயே உடைச்சு பாட்டில் வாங்கற வழக்கம் எத்தனை டீம்ல இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். அவர் ஒருத்தரை மட்டும் தனியா வீட்டுக்கு அனுப்பிட்டு மத்தவங்க உட்கார்ந்தா அந்த ஒப்பந்தத் தாளுக்கு மதிப்பே கிடையாது. டீம் மொத்தமும் அந்த சீசன் மேட்ச் நாள்ல குடிக்கக் கூடாது.

வெலிங்டன்_லெஃப்ட்பேக்:
எல்லாருக்கும் ஒரே தாள்னா எனக்கு எதிர்ப்பு இல்ல. ஆனா கிரவுண்டுக்கு வரமாட்டேன்னு சொன்ன பாதி ஊரையும் யாரும் "துரோகி"ன்னு சொல்லக் கூடாது. அவங்க ரெஃப்ரி பக்கம் நிக்கிறாங்க, அதுவும் இந்த ஆட்டத்து மேல உள்ள பாசம்தான்.

கோத்தகிரி_பூட்ரூம்:
அதை ஊர்க்கூட்டத்துல முதல் வார்த்தையாச் சொல்லச் சொல்றேன். கடைசியா ஒண்ணு: முதல் மேட்ச் சொந்த கிரவுண்டுலயா, வெளியூர்லயா?

ஊட்டி_பிசியோ:
சொந்த கிரவுண்டு, ஆனா எதிரி ஊரோட மோதுற மேட்ச் வேண்டாம். வெளியூர்ல முதல் த்ரோஇன்லயே "குடிகாரன்"னு கத்துவாங்க.

லைன்ஸ்மேன்_குன்னூர்:
ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவது பாதியில், ஸ்கோர் அவசரம் இல்லாத நேரத்தில் இறக்குங்கள். களத்துக்குள் போகும் முன் நான்காவது அதிகாரியிடமோ லைன்ஸ்மேனிடமோ பூட்ஸின் அடி ஸ்டட்டைக் காட்டி நிற்கும் அந்த அரை நிமிடம், தடைக்குப் பிறகு ஓர் அதிகாரிக்கு முன்னால் அவர் முதல் தடவையாக நிற்கும் நேரம். கேப்டன் பக்கத்தில் வந்து நிற்கட்டும். கேலரி அமைதியாக இருந்தால் போதும், பெயர் சொல்லிக் கத்த வேண்டாம்.

கூடலூர்_செவன்ஸ்:
பதிவுக்குக் கடைசித் தேதி பாத்துக்கோங்க பூட்ரூம். ஆறு வாரம் பின்னாடி எண்ணினா மருத்துவர்கிட்ட இந்த வாரமே போகணும்.